நரியின் மூக்குக்கு ஒரு பாடம்

அடி என் செல்லமே,

நீ அனுப்பிய குரல்பதிவைச் சமைத்துக்கொண்டே கேட்டேன். முக்கால்வாசி உன் நாத்தனார் வீட்டு வளைகாப்புதான். யாருக்கு என்ன புடவை, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது, பாயசத்தில் சர்க்கரை ஏன் குறைந்தது என்று கேட்டுக் கேட்டு எனக்கு வயிறே நிறைந்துவிட்டது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாய். ராத்திரியோடு ராத்திரியாக நரி புகுந்து உன் நாட்டுக்கோழிகளை நாசம் பண்ணிவிட்டதாம். உன் கொழுந்தன், ‘கொட்டகை லைன்லேர்ந்து ஒரு ஒயரை இழுத்து வேலிக்கம்பியில விட்டுடறேன், ஒரே ராத்திரியில கணக்கு முடிஞ்சிடும்’ என்று நிற்கிறாராம். ‘உங்க ஊர்ல கோழிப்பட்டிக்குக் கரண்ட் வேலி போடறாங்கன்னு சொன்னியே, எப்படிடி?’ என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தாய்.

ஒற்றை வரிக் கேள்விக்கு நான் ஒற்றை வரியில் பதில் சொல்லி நீ என்றைக்குப் பார்த்திருக்கிறாய்? காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு உட்கார். அதற்கு முன்னால் கொழுந்தனிடம் ஒன்று சொல்லிவிடு. நீ இதைப் படித்து முடிக்கும்வரை அவர் அந்த ஒயரில் கைவைக்கக் கூடாது.

நாங்கள் இருப்பது தெட்ஃபர்ட் ஊருக்கு வெளியே. நார்ஃபோக், சஃபோக் இரண்டு மாவட்டமும் சேருகிற இடம், பிரெக்லண்ட் என்பார்கள். மணல் பூமி, பைன் காடு. இங்கிலாந்து என்றாலே எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் என்று நினைப்பாய். இங்கிலாந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் இது ஒன்று. ஜூலையில் வந்து பார், புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். இந்த மணலை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

கோழிப்பட்டி என்று நான் சொன்னது வீட்டுக்கோழிக்கு இல்லை, ஃபெசன்ட் என்கிற பறவைக்கு. மயில், காட்டுக்கோழி எல்லாம் இதற்குப் பங்காளி, ஒரே குடும்பம். சேவல் அழகோ அழகு. செம்பு நிற உடம்பு, மினுமினுக்கும் பச்சைக் கழுத்து, அதில் ஒரு வெள்ளை வளையம், கண்ணைச் சுற்றிக் குங்குமச் சிவப்பு, நீள வால். ஆண்டவன் அழகுக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு அறிவுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை போலிருக்கிறது. கார் வந்தால் சாலை நடுவில் நின்று யோசிக்கும். இதன் பூர்வீகம் இந்த நாடே இல்லை, கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஆசியா. ரோமானியர்கள் கொண்டுவந்தார்களா, பின்னால் வந்த நார்மன்காரர்களா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார் கொண்டுவந்தால் என்ன, இப்போது பிரிட்டனில் ஆண்டுக்கு 3 கோடி பறவைக்குக் குறையாமல் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள்.

எதற்கு? சுடுவதற்கு! அக்டோபர் 1ஆம் தேதி முதல் பிப்ரவரி 1ஆம் தேதி வரை சீசன். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக்கூடாது, 1831ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அப்படியே நிற்கிறது. பறவைக்கும் வாரம் ஒருநாள் விடுமுறை.

எங்கள் கிராமத்திலும் ஒரு வேட்டைக்குழு உண்டு. பணக்காரப் பிரபுக்களின் குழு என்று கற்பனை பண்ணாதே. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், விவசாயிகள் சிலர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், அப்புறம் லண்டனில் பணம் சேர்த்துக்கொண்டு வந்து குடியேறிய ஒரு புதுப்பணக்காரர். இந்த மனிதரின் பூட்ஸில் நான் இதுவரை சேறு பார்த்ததில்லை. எல்லோரும் பங்கு போட்டுக் குஞ்சு வாங்கி வளர்ப்பார்கள். பார்த்துக்கொள்ள ஒரு வயதான கேம்கீப்பர். அவருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகிவிட்டது, காலையில் தீனி போட ஆள் வேண்டும். காட்டை ஒட்டிய வீடு எங்களுடையது, நானோ கோழியும் ஆடும் மிதித்த வாசலில் வளர்ந்தவள். கேட்டதும் தலையாட்டிவிட்டேன். ‘சுடறதுக்கு வளர்க்கிற கோழிக்கு நீ ஆயாவா?’ என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி பண்ணுகிறார். சீசனில் கீப்பர் கதவுப்பிடியில் ஜோடிப் பறவையைக் கட்டித் தொங்கவிட்டுப் போவார். அதை நான் மிளகு அரைத்துப் போட்டு வறுத்தால் முதல் தட்டு யாருடையது என்று மட்டும் கேட்காதே.

இந்த மண்ணில் நம் நாட்டுக்காரர் ஒருவர் கதையும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங், கோஹினூரைப் பறிகொடுத்த பிள்ளை. ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டு, இங்கிலாந்துக்குக் கூட்டிவந்து, பென்ஷன் கொடுத்து உட்காரவைத்தார்கள் அல்லவா? அவர் 1863இல் வாங்கியது எங்களுக்குப் பக்கத்து எல்வெடன் எஸ்டேட். வீட்டுக்கு உள்ளே லாகூர் அரண்மனை பாணியில் சுவரும் தூணும், வெளியே கௌதாரியும் ஃபெசன்ட்டும். 1876இல் ஒரே நாளில் 1000 தோட்டாவில் 780 கௌதாரி வீழ்த்தினார் என்று பதிவு. ராஜ்யம் இல்லாத ராஜாவுக்குப் பொழுதுபோக வேண்டாமா என்று நான் நினைத்துக்கொள்வேன். 1893இல் இறந்தபோது எல்வெடன் சர்ச் வளாகத்திலேயே புதைத்தார்கள். தெட்ஃபர்ட் ஆற்றுத்தீவில் குதிரைமேல் உட்கார்ந்த சிலை இருக்கிறது, 1999இல் வைத்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

சரி, வேலிக்கு வருகிறேன்.

ஜூலை கடைசியில் குஞ்சுகள் லாரியில் வரும். ஏழு வார வயது, குஞ்சும் இல்லை கோழியும் இல்லை, விடலைகள். பட்டி என்பது காட்டிலேயே ஒரு துண்டை வளைத்து அடைத்த இடம். மரம், புதர், வெயில் காய வெட்டவெளி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை, ஆனால் கூரை கிடையாது. வலையை மூலை இல்லாமல் வளைவாகக் கட்டுவார்கள். மூலை இருந்தால் இதுகள் பயத்தில் அங்கே ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கூட்டமும் அளவாக இருக்கவேண்டும். இங்கே கேம் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பட்டியில் ஹெக்டேருக்கு 1000 பறவை, பழங்காடாக இருந்தால் 700, அதற்கு மேல் போகாதே என்பது அவர்கள் கணக்கு. மீறினால் எச்சத்தின் உப்பில் காட்டுப்பூவெல்லாம் போய் வெறும் செந்தட்டி மண்டிவிடும்.

வரும்போதே ஒரு பக்கச் சிறகின் நுனி இறகுகளைக் கத்தரித்திருப்பார்கள். பறக்க முயன்றால் சாய்ந்து விழும். சில வாரத்தில் இறகு திரும்ப முளைக்கும், அதற்குள் மரத்தில் ஏறித் தூங்கப் பழகிவிட வேண்டும். பழகும்வரை தரையிலேயே கும்பலாகப் படுத்துக்கொள்ளும். நரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நரி ஒன்றைக் கவ்விக்கொண்டு போனால் எந்தக் கீப்பரும் கண்டுகொள்ளமாட்டார். அது அப்படிப் போகாது. ஓட முடியாத இரை கண்முன்னே படபடத்துக்கொண்டே இருந்தால் கொன்றுகொண்டே இருக்கும், தின்பது ஒன்றோ இரண்டோ. உன் கொட்டகையில் நீ பார்த்ததும் இதுதான். ‘தின்னாம கொன்னு போட்டுட்டுப் போயிருக்கு, கொழுப்பு’ என்று திட்டினாயே, அது கொழுப்பு இல்லையடி. ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியல்காரர் இங்கே வடமேற்குக் கடற்கரையில் ரேவன்கிளாஸ் மணல்மேட்டில் கடற்காகங்களை ஆராய்ந்தார். கும்மிருட்டு ராத்திரிகளில் பறவைகள் எழுந்து பறக்காமல் கிடக்கும். ஒரே இரவில் 200க்கு மேல் கொன்று போட்டிருந்ததை மணலில் பதிந்த நரித்தடத்தை வைத்தே கண்டுபிடித்தார். 1972இல் அதைக் கட்டுரையாக எழுதினார். காட்டில் இரை ஓடிவிடும், அதனால் கொலை ஒன்றோடு நின்றுவிடும். அடைத்துவைத்த இடத்தில் எதுவும் ஓடாது, நரிக்குள் இருக்கும் விசையும் நிற்காது. கூட்டைப் பலவீனமாகக் கட்டிவிட்டு நரியைத் திட்டி என்ன?

வலையை மட்டும் நம்பினால் நரி கீழே தோண்டும், இல்லாவிட்டால் மேலே ஏறும். ஆமாம், வலையைப் பிடித்துக்கொண்டு ஏறும்! தோண்டாமல் இருக்க வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக ஓர் அடி மடித்துத் தரையில் முளையடிப்பார்கள். சுவரை ஒட்டித் தோண்டத்தான் அதற்குத் தெரியும், ஓர் அடி பின்னால் நகர்ந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. மேல்விளிம்பைத் தொளதொளவென்று வெளிப்பக்கம் சாயவிடுவார்கள். இவ்வளவும் செய்தபிறகுதான் கரண்ட்.

அந்தக் கரண்ட் வேலியைப் பார்த்தால் சிரித்துவிடுவாய். வலைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இரண்டே கம்பி. ஒன்று தரையிலிருந்து 15 செ.மீ., மற்றது 30 செ.மீ. நாலு வயதுப் பிள்ளை தாண்டிவிடும். நரி ஏன் தாண்டாது? தாண்டினால் காலூன்ற இடமில்லை, அந்தப் பக்கம் ஒரு சாணில் வலை. அதைவிட முக்கியம், நரி எதையும் தாண்டுவதற்கு முன் மோந்து பார்க்கும். உடம்பெல்லாம் ரோமம், கரண்ட் ஏறாது. மூக்கு மட்டும் ஈரமாக, ரோமம் இல்லாமல் இருக்கும். புதுக் கம்பியை நோக்கி அந்த மூக்கைத்தான் நீட்டும்.

எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், மேலே சின்ன சோலார் தகடு. அது கம்பிக்குள் சுமார் ஒரு விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். சில ஆயிரம் வோல்ட், ஆனால் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. சுருக்கென்று ஒன்று, பிறகு ஒன்றுமில்லை, மறுபடி சுருக். அந்த இடைவெளிதான் உயிரைக் காப்பாற்றுகிறது. தொட்டது பின்வாங்க நேரம் கிடைக்கிறது. மூக்கில் வாங்கிய நரி வீலென்று கத்திக்கொண்டு ஓடும். வேலி அதை அடக்கியதாக நினைக்காதே, அடக்குவது அதன் ஞாபகசக்தி. அதனால்தான் கீப்பருக்கு ஒரு சட்டம். கம்பி கட்டிய அன்றைக்கே கரண்ட் ஓடவேண்டும், அதுவும் குஞ்சுகள் வருவதற்கு முன்னாலேயே. கரண்ட் இல்லாத கம்பியை நரி ஒருமுறை மோந்துவிட்டால் அது வெறும் கம்பிதான் என்று தெரிந்துகொள்ளும். அதற்குப்பின் நீ எத்தனை வோல்ட் விட்டாலும் பயனில்லை.

இப்போது மணலுக்கு வா. பெட்டியிலிருந்து கம்பிக்குப் போன கரண்ட், நரியின் மூக்கு வழியாக உடம்பில் நுழைந்து, நாலு கால் வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே எர்த் ராடுக்கு வந்து, பெட்டிக்குத் திரும்பவேண்டும். ஒரு சுற்று. காய்ந்த மணலில் கரண்ட் ஓடாது. போன வெயிலில் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. உடனே குழுவில் பஞ்சாயத்து. பல் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை, மிஷின் சக்தி போதவில்லை. லண்டன் பணக்காரர் மறுவாரமே மாட்டுப்பண்ணைக்குப் போடுகிற பெரிய எனர்ஜைசரை வாங்கி இறக்கிவிட்டார். மாட்டினார்கள். முள் அசையவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை, ஆர்கன்காரர் பேட்டரியைச் சந்தேகப்பட்டார்.

கீப்பரின் மனைவி இதையெல்லாம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷி அதிகம் பேசமாட்டாள். சாயங்காலம் எல்லோரும் போனதும் என்னைக் கூப்பிட்டு, சுத்தியலும் நீளமான எர்த் ராடுகளும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குஞ்சுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி சொட்டும் இடத்தில் மண் எப்போதும் நசநசவென்று இருக்கும். அங்கே இடைவெளி விட்டு ராடுகளை அடித்து எல்லாவற்றையும் ஒரே ஒயரில் சேர்த்தாள். பிறகு இரண்டு கம்பிக்கும் நடுவே இன்னொரு கம்பி ஓட்டி அதை எர்த்தோடு இணைத்தாள். இனி நரியின் முகம் ஒரே நேரத்தில் கரண்ட் கம்பியிலும் எர்த் கம்பியிலும் பட்டால் போதும், மணல் காய்ந்தாலும் கவலையில்லை. பழைய சின்னப் பெட்டியையே திரும்ப மாட்டினாள். டெஸ்டர் ஏறியது பார்! மறுநாள் லண்டன்காரர் வந்து, தன் பெரிய மிஷின்தான் வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மிஷின் இன்னும் கீப்பர் வீட்டு ஷெட்டில்தான் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. நீ யாரிடமும் சொல்லாதே, உன்னிடம் சொன்னால் தர்மபுரி மாவட்டம் முழுக்கச் சொன்னமாதிரி என்று எனக்குத் தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் இருப்பது முழுக்கப் புல்வெட்டுகிற வேலை. கம்பியில் ஒரு புல் சாய்ந்தால் அது வழியாகக் கொஞ்சம் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும். நூறு புல் சாய்ந்தால் நரிக்கு மிச்சமில்லை. பிரெக்கென் என்று ஒரு பெரணி இருக்கிறது, ராத்திரியில் வளர்ந்து காலையில் கம்பிமேல் கிடக்கும். அப்புறம் மான். மன்ட்ஜாக் என்று ஆட்டுக்குட்டி அளவில் ஒரு குட்டை மான், சீனாவிலிருந்து கொண்டுவந்து தோட்டத்தில் விட்டது தப்பி நாடெல்லாம் பெருகிவிட்டது. நேராக ஓடிவந்து கம்பியை அறுத்துக்கொண்டு போகும். அதனால் தினமும் காலையில் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். கம்பியைக் கட்டுகிற உற்சாகம் எல்லாருக்கும் உண்டு, சுற்றி வருகிற பொறுமை நம்மைப் போன்ற பெண்களுக்குத்தான்.

அடிக்கம்பியை ரொம்பத் தாழ்த்தவும் கூடாது. முள்ளெலிக்கு ஷாக் அடித்தால் ஓடத் தெரியாது, சுருண்டுகொள்ளும். கம்பிமேலேயே சுருண்டுகொண்டால் துடிப்புக்குத் துடிப்பு வாங்கிச் செத்துப்போகும். தேரைக்கும் அதே கதி. வேலி கற்றுத்தருகிற பாடம், பின்வாங்கத் தெரிந்த பிராணிக்குத்தான் பாடம்.

உள்ளே இருக்கிறவை சில வாரத்தில் இறகு முளைத்து வெளியே பறக்கும். பறந்து வந்த பிள்ளைக்குத் திரும்பப் பறந்து உள்ளே போகலாம் என்று தோன்றாது, வலையோரமாகவே நடக்கும். அதற்கென்று தரைமட்டத்தில் புனல்போலக் குறுகும் வாசல்கள் வைத்திருப்பார்கள். கோழி நுழையும், நரி நுழையாது. வாசலில் 9 செ.மீ. இடைவெளியில் கம்பிகள்.

வானத்தில் வருகிற ஆபத்துக்கு மின்வேலி ஒன்றும் செய்யாது. ராத்திரியில் ஆந்தை, பகலில் பஸர்ட் என்ற பெரும்பருந்து, அப்புறம் தெட்ஃபர்ட் காட்டின் கோஷாக், நம் வைரிக்குப் பெரியண்ணன். ஆந்தையை விரட்ட மின்னும் விளக்கு வைப்பார்கள், ராத்திரி முழுக்க ரேடியோ பாடவிடுவார்கள். நடுக்காட்டில் யாருக்காகவோ கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் செய்யலாம். இந்தப் பறவைகளெல்லாம் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, தரையில் வருகிற பேட்ஜர் என்ற பிராணிக்கு 1992இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் 2023 ஜனவரியில் இங்கே பக்கத்தில் கிங்ஸ் ஃபாரஸ்ட்டில் ஐந்து இளம் கோஷாக்குகள் செத்துக் கிடந்தன. எக்ஸ்ரே எடுத்தால் எல்லாவற்றின் உடம்பிலும் ஈயக்குண்டு. அந்த வாரம் கீப்பர் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. யார் செய்திருந்தாலும் பழி எல்லாக் கீப்பர்மேலும்தான் விழும் என்றாள் அந்த அம்மாள். இரண்டு கால் திருடனும் உண்டு. உன் பேரனிடம் கேள், ரோல்ட் டால் 1975இல் எழுதிய ‘டேனி’ கதையில் உலர்திராட்சைக்குள் தூக்கமருந்தை வைத்து ஃபெசன்ட் பிடிக்கிற அப்பாவும் பிள்ளையும் வருவார்கள்.

நீ இப்போது கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆகஸ்டில் நரியிடமிருந்து காப்பாற்றி நவம்பரில் நீங்களே சுடுகிறீர்களே, இதென்ன நியாயம்? நியாயம் ஒன்றுமில்லை. விட்ட பறவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் துப்பாக்கிக்கு அகப்படும் என்பார்கள், மீதி நரி, கார், நோய். இத்தனை கோடிப் பறவையைக் காட்டில் கொட்டுவது சரியா என்று காட்டுயிர் ஆர்வலர் கிறிஸ் பேக்கம் ஆட்களின் ‘வைல்ட் ஜஸ்டிஸ்’ அமைப்பு வழக்குப் போட்டது. அதன்பின் 2021 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் பறவை விட லைசென்ஸ் வேண்டும் என்றாகிவிட்டது. எனக்கு அந்த வழக்கு சரியென்றே படுகிறது. கோடிக்கணக்கில் விடுவது அதிகம்தான். அதே வாயால் இதையும் சொல்கிறேன், எங்கள் கிராமத்தில் வரப்போரப் புதர்வேலியும் காட்டுத்துண்டுகளும் மிச்சமிருப்பதே இந்தப் பறவைக்காகத்தான். இரண்டும் உண்மை, எனக்கு இரண்டில் ஒன்றை விடத் தெரியவில்லை. பல் டாக்டரிடம் இதைச் சொன்னேன், அன்றிலிருந்து ‘குட் மார்னிங்’ கொஞ்சம் சுருங்கிவிட்டது.

இனி உன் கொழுந்தனுக்கு. இந்த நாட்டு எஸ்டேட்காரர்கள் ஒரு காலத்தில் அவரை மாதிரியேதான் யோசித்தார்கள். காட்டில் மெல்லிய கம்பியை நீட்டி, அதன் முனையில் துப்பாக்கியை மாட்டி வைப்பார்கள். திருட வந்தவன் கால் தடுக்கினால் வெடிக்கும். தடுக்கியவர்களில் திருடன் கொஞ்சம்தான். பூப்பறிக்க வந்த பிள்ளை, வழிதப்பியவன், சில சமயம் கீப்பரே. கம்பிக்கு ஆள் தெரியாதே. 1827இல் பார்லிமென்ட் அதைத் தடைசெய்தது. அதற்குச் சற்று முன்னால் நடந்த ஒரு விபத்து வழக்காகி 1828இல் தீர்ப்பு வந்தது. இன்றும் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருகிறார்கள். ஒருவர் ட்யூலிப் தோட்டத்துக்குக் காவலாக அறிவிப்புப் பலகைகூட இல்லாமல் இப்படித் துப்பாக்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மயில் சுவர் தாண்டி உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்துக்கொடுக்க ஏறிக் குதித்த பையனுக்கு முழங்காலில் குண்டு. தோட்டத்துச் சொந்தக்காரர்தான் பொறுப்பு என்று கோர்ட் சொன்னது. ட்யூலிப்பும் மயிலும் ஒரு பையனின் காலும், யோசித்துப் பார்.

வீட்டு லைனில் இருக்கும் 230 வோல்ட் எனர்ஜைசர் மாதிரி விட்டுவிட்டு வராது. ஒரு விநாடிக்கு 100 முறை திசை மாறிக்கொண்டு விடாமல் ஓடும். தொட்ட கையின் சதை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. நரிக்கு முன்னால் உன் வீட்டு நாய், பால் ஊற்ற வரும் பையன், ராத்திரியில் மோட்டார் போடப் போகும் உன் வீட்டுக்காரர், யார் வேண்டுமானாலும் தொடலாம். உனக்கு நான் சொல்லவேண்டியதே இல்லை. 2023 மார்ச்சில் உங்கள் பக்கத்து மாரண்டஅள்ளியில் பயிருக்கு வைத்த கரண்டில் மூன்று யானை செத்துக்கிடந்ததும், இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து நின்றதும் நீயே போனில் அழுதுகொண்டு சொன்னதுதானே? அதே வருஷம் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்று பதிவு, அனுமதி, ஒழுங்குமுறை என்று தனி விதிகள் கொண்டுவந்துவிட்டது. லைனில் கொக்கி போடுவது குற்றம், யாராவது செத்தால் ஜெயில். கொழுந்தனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது.

வேலியேதான் போடுவேன் என்றால் தர முத்திரை உள்ள எனர்ஜைசர், பேட்டரி, ஈர மண்ணில் நாலைந்து எர்த் ராடு, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, காட்டோரம் என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது, எல்லாம் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் உனக்கு மின்வேலியே வேண்டாமடி. எங்கள் விடலைகளுக்கு வேலி எதற்கென்றால் அவை காட்டுப்பறவையாக மாறவேண்டும், கூரைக்குள் அடைக்கமுடியாது. உன் கோழிகள் பொழுது சாய்ந்தால் தானாகக் கூட்டுக்கு வந்து நிற்கிற குடும்பப்பெண்கள். நல்ல கம்பிவலை அடி, அடிப்பகுதியை வெளிப்புறமாக ஓர் அடி மடித்து மேலே கல் வை, கீரி நுழைகிற சந்துகளை அடை, இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு. நரிக்கு அது போதும்.

அந்த ஒயரை இன்றைக்கே சுருட்டி உன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு எனக்கு ஒரு செய்தி போடு. கொழுந்தன் முறைத்தால் என்னிடம் பேசச் சொல், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். நாத்தனார் புடவை விஷயத்தில் யார் முதலில் பேசியது என்று நீ சொல்லாமல் விட்டுவிட்டாய், அதையும் மறக்காமல் எழுது.

என்றும் உன்,
கடைசி பெஞ்சுத் தோழி